படுக்கைக்குத் தெரிகிற திரை

கள்ளிக்குப்பம் ஞானசௌந்தரி, பிளாஸ்டிக் சாமான்களுக்கு அச்சு வரைபவர். கணவர் ஜாபஸுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்ததும் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே வரைந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் மட்டும் வேலை அப்படியே நின்றுவிடும். அதனால் ஒரு லேப்டாப் வாங்கக் கரையான்சாவடிக்குப் போனார்.

கடைக்காரர் சர்ஃபராஸ் மெல்லிசான ஒன்றை எடுத்து வைத்தார். ஞானசௌந்தரி தன் பென்டிரைவைச் செருகி, வரைந்துகொண்டிருந்த அச்சைத் திறந்தார். படம் வந்தது, திருப்பப் பார்த்தால் அசையவில்லை.

"அப்போ பெர்சுதான்க்கா. ஆனா செம வெயிட்டு. சார்ஜரே செங்கல்லு மாதிரி கீது. தூக்கிகினு போவியா?"

"அவரையே கைத்தாங்கலா பஸ்ல ஏத்தி எறக்குறேன் தம்பி. இது இன்னா வெயிட்டு?"

பெரியதில் படம் தண்ணீர் போலச் சுழன்றது. அதையே வாங்கினார்.

ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் ஊசி ஏறியதும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வது ஜாபஸின் வழக்கம். யாரோடும் பேசமாட்டார். புது லேப்டாப்போடு போன அன்று பக்கத்து மேசையில் அகலமான திரை விரிந்ததும், கொஞ்ச நேரத்தில் தலை இந்தப் பக்கம் வந்தது.

"இன்னாமே அது? வாத்து மாதிரி கீது?"

"கொழந்தைங்க குளிக்கிற டப்பு."

"வாலு பக்கம் திருப்பு, பாக்கலாம்."

திருப்பினார். வால் குட்டையாக இருக்கிறது என்றார் ஜாபஸ். நீட்டினார். இப்போது மயில் மாதிரி இருக்கிறதென்று சிரித்தார். நர்ஸ் ஊசியை எடுக்க வந்தபோது ஜாபஸ் கையைக் காட்டவில்லை.

"இரு சிஸ்டர், மூக்கு இன்னும் முடியல."