ஆமணக்கு இலையை யார் கொடுத்தது?

கிராணியாரின் மகன் மேடையில் பொய் சொன்னார்.

போன மாதம் போர்டிக்சனில் எங்கள் பழைய தோட்டத்து ஆட்கள் கூடிச் சாப்பிட்ட நாளில், மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் பேசினார். "ஜப்பான்காரன் காலத்தில், தோட்டத்து மக்கள் நலம் கருதி, ஆமணக்கு இலையை எல்லாருக்கும் திறந்துவிட்டவர் என் தந்தை. அந்த இலையால் எத்தனையோ குழந்தைகள் பிழைத்தன" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். தட்டியவர்களில் பெரும்பாலோர் யுத்தத்துக்குப் பிறகு பிறந்தவர்கள், அவர்களுக்கு என்ன தெரியும். நான் தட்டவில்லை. எழுந்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று பார்த்தால் அதற்குள் பிரியாணிச் சட்டியைத் திறந்துவிட்டார்கள், யார் காதிலும் எதுவும் ஏறாது. அதனால்தான் இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

ஆமணக்கு இலை நெருப்பில் வதங்கும்போது ஒரு வாசனை வரும். பச்சையாகவும் இருக்கும், கசப்பாகவும் இருக்கும், கொஞ்சம் எண்ணெய்ச் சிக்கும் கலந்திருக்கும், நல்ல வாசனை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு அந்த வாசனை மூக்கில் ஏறினால் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். அதற்குக் காரணம் இருக்கிறது.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில் பெடாஸ் பக்கம். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு, கணக்கு எழுதிக்கொண்டிருந்த கிராணிதான் துரை மாதிரி ஆனார். ரப்பரை வாங்க ஆள் இல்லை, பால் வெட்டு முக்கால்வாசி நின்றுவிட்டது. ஜப்பான்காரன் மூட்டை மூட்டையாக ஆமணக்கு விதையை அனுப்பி, கொட்டை வேண்டும், அதிலிருந்து எடுக்கிற எண்ணெய் ஏரோப்ளேன் இஞ்சினுக்கு வேண்டும் என்று உத்தரவு போட்டான். மரங்களை வெட்டிய இடம், நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தைச் சுற்றியிருந்த காலி இடம், கால்வாய்க் கரை என்று ஒரு முழம் மண் விடாமல் நட்டோம். குழி வெட்டியதும், சாணி சுமந்து போட்டதும், களை பிடுங்கியதும் பெண்கள். பெரும்பாலான ஆண்களைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள், என் அப்பாவும் அதில் போனவர்தான். அவர் திரும்பி வரவில்லை.

செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. தண்டெல்லாம் சிவப்பு, இலை விரித்த கை மாதிரி. பூங்கொத்தில் மேலே சிவப்புக் குஞ்சங்களும் கீழே வெளிர் மஞ்சள் பூவுமாக இருக்கும், பிறகு முள் முள்ளாகக் காய் கட்டும். காய்ந்த காய் வெயிலில் "பட் பட்" என்று வெடித்துக் கொட்டையைத் தூர எறியும், பொறுக்குவது எங்கள் வேலை. வாயில் வைத்தால் செத்துப் போவாய் என்று பயமுறுத்திதான் பொறுக்க அனுப்புவார்கள். அந்தச் செடியின் சொந்த ஊர் ஆப்பிரிக்கா என்று என் பேத்தி சொல்கிறாள். எங்கிருந்தோ வரட்டும். கைப்பிள்ளைக்கு வயிறு கட்டினால் விளக்கெண்ணெய், முட்டி வீங்கினால் வதக்கிய இலை, பால் வற்றிய மார்புக்கும் வதக்கிய இலை என்பது எங்கள் பெண்களுக்குத் தாய் வீட்டிலிருந்தே தெரிந்த சங்கதி. டாக்டர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ எனக்குத் தெரியாது. நான் கண்டதைச் சொல்கிறேன்.

கொட்டை குறைந்தால் ஜப்பான்காரன் தன் கழுத்தைப் பிடிப்பான் என்று கிராணிக்குப் பயம். இலையைப் பறித்தால் காய் குறையும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் பெரட்டில் நின்று, இலையைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார். பெரட்டு என்றால் என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. விடியும்போது தோட்டத்து ஆட்கள் எல்லாரும் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும், பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்கள். பெரட்டில் சொன்னால்தான் எங்களுக்கு உத்தரவு. ஆபீஸ் ஜன்னலில் சொன்னதையும் வழியில் பார்த்துச் சொன்னதையும் மறுநாளே மாற்றிவிடுவார்கள், பெரட்டில் எல்லார் காதிலும் விழுந்ததை அத்தனை சுலபத்தில் மாற்ற முடியாது.

அந்தச் சமயத்தில்தான் என் தம்பி பிறந்தான். எனக்குப் பத்து வயது. மரவள்ளிக்கிழங்கும் கீரைத் தண்ணீரும் தின்ற உடம்பில் அம்மாவுக்குப் பால் எங்கிருந்து ஊறும்? பிள்ளை சப்பிப் பார்த்துவிட்டு அழும், பிறகு அழவும் தெம்பில்லாமல் பூனைக்குட்டி மாதிரி முனகும். கடையில் டின் பால் இல்லை. பக்கத்து லயத்தில் அதே மாதிரி முனகிய ஒரு குழந்தையை அப்போதுதான் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

என் அம்மா பெயர் ராக்காயி. குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, நல்ல வெயிலில், எல்லாரும் பார்க்க நடந்து போய் ஒரு கை இலை பறித்தாள். எங்களை வேலை வாங்குகிற மண்டோர் ஓடி வந்தார்.

"ஏ ராக்காயி! என்னா பண்ற? அது ஜப்பான்காரன் சொத்து, தெரியாது?"

"கொட்டைதானே மண்டோரே அவனுக்கு. இலையைப் போட்டா ஏரோப்ளேன் பறக்குது?"

"வாய் ரொம்ப நீளம் உனக்கு. ஐயாகிட்ட சொல்றேன் பாரு."

"சொல்லு. பிள்ள அழுவுறதையும் சேத்துச் சொல்லு."

அடுப்புத் தணலில் இலையை வாட்டி, சூடு ஆறுமுன்னே மார்பில் வைத்துப் பழைய சேலைத் துணியால் கட்டிக்கொண்டாள். மிச்ச இலையைக் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரால் ஒத்தடம் கொடுத்தாள். மறுநாள் பெரட்டில் கிராணி, "ராக்காயிக்கு இந்த மாசம் அரிசி கெடையாது. இலையைத் தொடுறவளுக்கெல்லாம் இதே கதிதான்" என்றார். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அரிசி என்று வந்ததே ஆளுக்கு ஒரு சின்ன டின் அளவு, அதுவும் போயிற்று. அடுத்த வீட்டு மூக்காயி அத்தை தன் கிழங்கில் பாதியை எங்கள் சட்டியில் போட்டுவிட்டு, "திமிரு புடிச்சவடி நீ" என்று அம்மாவைத் திட்டிக்கொண்டே போனாள்.

ஆனால் பால் வந்தது. முதலில் சொட்டாக, பிறகு பிள்ளையின் கடைவாயில் வழிகிற அளவுக்கு வந்தது. தம்பி குடித்துவிட்டு ஏப்பம் விட்டதை மூக்காயி அத்தை லயம் முழுக்கப் போய்ச் சொன்னாள். பால் வற்றிய மற்ற இரண்டு தாய்மார் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்து அம்மாவின் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செடி பத்தடி தூரத்தில்தான் நின்றது. பறிக்கத்தான் ஒருத்திக்கும் துணிச்சல் வரவில்லை.

ஒரு மத்தியானம் கிராணி வீட்டு அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு வந்தார். அதற்கு முன் ஒரு நாளும் அந்தப் பக்கம் கால் வைத்தவர் இல்லை. இடுப்பில் என் தம்பியின் வயதொத்த ஆண் குழந்தை, கால் இரண்டும் குச்சி.

"பொறந்ததுலேருந்து டின் பால்தான் ராக்காயி. சேத்து வச்சதெல்லாம் தீந்து போச்சு. எனக்கு ஒரு சொட்டும் இல்ல. கஞ்சித் தண்ணி ஊத்தினா கக்குறான்."

அம்மா கையை நீட்டினாள். மூக்காயி அத்தை குறுக்கே வந்தாள்.

"அடியே, உன் அரிசியப் புடுங்கினவன் வீட்டுப் பிள்ளடி!"

"பிள்ளயா புடுங்குச்சு? நீ தள்ளு அத்தாச்சி."

அந்தப் பிள்ளை முட்டி முட்டிக் குடித்தது. மேடையில் பேசிய பெரிய மனிதர் அந்தப் பிள்ளைதான். என் தம்பியோடு என் அம்மாவின் மார்பைப் பங்கு போட்டவனுக்கு இனி "அவர்", "இவர்" எல்லாம் எதற்கு? நீ என்றே எழுதுகிறேன், கேள்.

நீ குடித்து முடிக்கும்வரை என் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. துடைத்து உன் தாயின் கையில் கொடுத்த பிறகுதான் பேசினாள்.

"தெனமும் கொண்டாங்கம்மா. ஆனா ரெண்டு வாய்க்கு ஊறணும்னா இலை வேணும். எனக்கு மட்டும் வேணாம். எல்லாப் பொம்பளைங்களுக்கும் வேணும். ஐயா பெரட்டுல சொல்லணும்."

"அவரு ஒத்துக்க மாட்டாரு. ஜப்பான்காரனுக்குப் பயந்து சாவுறாரு."

"பயப்படட்டும். நாங்களும்தான் பயப்படுறோம்."

சாயங்காலம் மண்டோர் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஐயா எறங்கிட்டாரு. பொழுது சாய நீ மட்டும் பறிச்சுக்க. அரிசியும் தருவாரு. யாருகிட்டயும் மூச்சு விடாத" என்றார். அரிசி என்றதும் எனக்கு எச்சில் ஊறியது. அம்மா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"எனக்கு மட்டும்னா அது திருட்டு மண்டோரே. எல்லாருக்கும்னா அது உத்தரவு. போய்ச் சொல்லு."

மறுநாளும் உன் தாய் உன்னைத் தூக்கி வந்தார். அம்மா கொடுத்தாள், ஆனால் இரண்டு பேருக்குப் போதவில்லை. நீயும் அழுதாய், என் தம்பியும் அழுதான். இரண்டு அழுகையையும் கேட்டுக்கொண்டு உன் தாய் எங்கள் வாசற்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போய் உன் தந்தையிடம் என்ன பேசினாரோ எனக்குத் தெரியாது. விடிந்தபோது பெரட்டுக் களத்தின் ஓரத்தில், உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். கிராணி வீட்டுப் பெண்பிள்ளை பெரட்டுக்கு வந்ததை அன்றுதான் பார்த்தோம்.

உன் தந்தை பேர் கூப்பிட்டு முடித்தார். தரையைப் பார்த்துக்கொண்டு, "தோட்டத்து மக்கள் நலம் கருதி..." என்று ஆரம்பித்து மிச்சத்தை வாய்க்குள்ளேயே மென்றார்.

"கேக்கலைங்க ஐயா!" என்றாள் மூக்காயி அத்தை பின்வரிசையிலிருந்து.

மறுபடியும் சொன்னார், கொஞ்சம் சத்தமாக.

"பின்னால காது மந்தமான கெழவி நிக்குதுங்க ஐயா, இன்னொரு வாட்டி!"

அவள் காட்டிய இடத்தில் கிழவி யாருமில்லை. முன்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். உன் தந்தை நிமிர்ந்து உன் தாயைப் பார்த்தார். உன் தாய் பார்வையை விலக்கவில்லை. உடனே உன் தந்தை கத்தினார்: "இலை பறிக்கலாம்! எல்லாரும் பறிக்கலாம்! செடிக்கு ஒரு இலைதான்!"

"அப்ப ராக்காயி அரிசி?"

"அதுவும் உண்டு! போங்க எல்லாம் வேலைக்கு!"

அன்று சாயங்காலம் எங்கள் லயம் முழுக்க ஆமணக்கு இலை வதங்கியது. ஒரு அடுப்பு பாக்கியில்லை. பால் வேண்டியவள் மார்பில் கட்டினாள், முட்டி வீங்கியவள் முட்டியில் கட்டினாள், ஒரு நோவும் இல்லாத மூக்காயி அத்தை, பறிக்கலாம் என்று சொன்ன பிறகு பறிக்காமல் விட்டால் தலைவலி வந்துவிடும் என்று நெற்றியில் கட்டிக்கொண்டு உலாத்தினாள். பால் வற்றிய அந்த இரண்டு தாய்மாருக்கும் பால் இறங்கியது. அதன் பிறகு எங்கள் லயத்தில் பால் இல்லாமல் ஒரு கைப்பிள்ளையும் சாகவில்லை.

பிறகு ஒரு நாள் ஜப்பான்காரன் செடி பார்க்க வந்தான். அடி இலை இல்லாத தண்டுகளைக் காட்டி ஏதோ அதட்டினான். உன் தந்தை நடுங்கிக்கொண்டே, கம்பளிப்பூச்சி தின்றுவிட்டது என்று கையால் நெளித்துக் காட்டினார். கொட்டை குறையாமல் மூட்டை கட்டி வைத்திருந்ததால் அவனும் போய்விட்டான். அன்றிலிருந்து இலை பறிக்கப் போகும்போதெல்லாம், "ஏண்டி, இன்னைக்கு எத்தன கம்பளிப்பூச்சி வர்றீங்க?" என்று பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கூப்பிட்டுச் சிரிப்பார்கள். அப்படி வாய்விட்டுச் சிரித்ததை அந்த யுத்த காலத்தில் அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஜப்பான்காரனிடம் பொய் சொல்லி எங்களைக் காத்தது உன் தந்தைதான், அதை நான் மறைக்கவில்லை. அவரும் கெட்டவர் இல்லை, பயந்தவர். ஆனால் அந்தப் பயத்துக்கு எங்கள் பிள்ளைகளை விலையாகக் கொடுக்கப் பார்த்தவர். அவர் வாயைத் திறக்க வைத்தவர்கள் இரண்டு பெண்கள்.

இப்போது அங்கே தோட்டம் இல்லை. ரப்பரை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள், லயத்தை இடித்தார்கள், பெரட்டுக் களத்தில் லாரி நிற்கிறது. நான் சுங்கை காடுட்டில் மகன் வீட்டில் இருக்கிறேன். இங்கே ஒரு ஆமணக்குச் செடி கண்ணில் படுவதில்லை, பால் இல்லாத தாய் கடைக்குப் போய் டின் வாங்குகிறாள், நல்லதுதான். மூக்காயி அத்தை போய்விட்டாள். என் அம்மாவும் உன் தாயும் போய்விட்டார்கள். உன்னோடு பால் குடித்த என் தம்பி மட்டும் இருக்கிறான், அன்று உனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தான். அவனும் கைதட்டினான், மடையன்.

நான் கோபமாக இருக்கிறேன் என்று யாரோ உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் ஆள் அனுப்பினாய், "அக்கா, வீட்டுக்கு வந்து பேசிக்கொள்கிறேன்" என்று. வராதே. யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குள் முடித்துக்கொள்கிற பேச்சுக்கு என் அம்மா அன்றே பதில் சொல்லிவிட்டாள்.

இதே பத்திரிகையில், உன் பெயரைப் போட்டு எழுது. உன் தந்தை இலையைத் திறந்துவிட்ட அன்று காலையில் உன் தாய் உன்னைத் தோளில் சுமந்துகொண்டு பெரட்டில் ஏன் வந்து நின்றார்? அதற்கு முந்தின நாட்களில் நீ யாருடைய பாலைக் குடித்தாய்? அவள் பேர் என்ன? எல்லாரும் படிக்கிற மாதிரி பதில் சொல்.