கொண்டைக்குள் புளிச்சோறு

எங்கப்பா ரப்பர் தோட்டத்தில் மண்டோர். முப்பது பேர் பாலெடுக்க மரம் வெட்டுவார்கள், அவர் நின்று விரட்டுவார். மேலே இருப்பவர் சொன்னதைக் கீழே இருப்பவருக்குச் சொல்வது அவர் தொழில். சொல்ல ஒன்றும் வராத நாளில் மனுஷனுக்குச் சோறு இறங்காது. வெள்ளைக்காரன் அவசரகாலம் என்று அறிவித்தபோது மலாயாவின் நெகிரி செம்பிலானிலேயே சந்தோஷப்பட்ட ஒரே தமிழர் அவராகத்தான் இருக்கும். நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி, ஒரே ஒரு வாசல், வாசலில் துப்பாக்கி, தினம் ஒரு புதுச் சட்டம். அதில் பெரிய சட்டம் சோற்றுச் சட்டம். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம், அதனால் ஒரு பருக்கைகூட வேலியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஜெயில்.

இந்த லட்சணத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கடலுக்குள் இருக்கும் ஒரு தீவைப் பார்த்துவரத் தோட்டத்துத் துரை அனுமதிச் சீட்டுக் கொடுத்தார். கடற்கரை வரை சைக்கிள், அங்கிருந்து சைக்கிளோடு சம்பான் படகில் அரைமணி, பிறகு தீவைச் சுற்றி மறுபடி சைக்கிள்.

அம்மாவுக்குத் தீவும் வேண்டாம், சைக்கிளும் வேண்டாம். வேலி இல்லாத ஒரு இடத்தில் எங்களை உட்காரவைத்து, தன் கையால் ஒரு வேளை சோறு போடவேண்டும். அவ்வளவுதான் ஆசை. "கட்டுச்சோறு இல்லாம என்னங்க பயணம்? நாம என்ன நாதியத்தவங்களா?" என்று இரவெல்லாம் பொருமினாள்.

அப்பா அதற்கும் வழி கண்டுபிடித்தார். வயிற்றுக்குள் போன சோற்றுக்குச் சட்டம் கிடையாதாம். அதனால் விடிந்ததும் விடியாததுமாக, வாசலுக்கு இந்தப் பக்கம் எங்களை வரிசையாக உட்காரவைத்து, மத்தியானச் சாப்பாட்டை அங்கேயே சாப்பிட வைத்தார். நான்கு வயதுத் தம்பி தூக்கத்திலேயே மென்றான். காவல்காரர் துப்பாக்கியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். எனக்கு மானம் போயிற்று.

பிறகு சோதனை. சோதிக்கிற பெண் அம்மாவின் கொசுவத்தைத் தடவினாள். அப்பா, யாரும் கேட்காமலே, சைக்கிள் பம்பைக் கழற்றிக் காட்டினார். தம்பியின் வாயைத் திறந்தும் காட்டினார்.

தீவில் மணல் பாதை, தென்னை, கட்டைக் கால் மேல் நிற்கும் மலாய் வீடுகள், ஊரெல்லாம் ஆடு. கடை என்று ஒன்று கிடையாது. அப்பா முன்னால் போனார், கம்பியில் தம்பி, பின்னால் கேரியரில் அம்மா. நான் இரவல் சைக்கிளில், கம்பிக்குள் காலை விட்டு மிதித்துக்கொண்டு வந்தேன். "வரிசை! வரிசையா வா!" என்று அப்பா கத்தினார். பின்னால் வந்தது நான் ஒருத்திதான். ஒருத்தி எப்படி வரிசையாக வருவது?

பாதித் தீவு சுற்றியதும் தம்பி பசி என்று அலறினான். அம்மா கேரியரிலிருந்து குதித்தாள். கடலைப் பார்த்த ஒரு மரத்தடியில் சப்பணம் போட்டு உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். உள்ளே வாழையிலைப் பொட்டலம், அதற்குள் நான்கு உருண்டை புளிச்சோறு.

"அடிப்பாவி! குடும்பத்தையே கம்பி எண்ண வைக்கப் பாக்கிறியே!" என்று அப்பா பதறினார்.

"இங்க யாரு இருக்கா? ஆடு போயி துரைகிட்டச் சொல்லுமா?" என்று தம்பிக்கு ஒன்றைக் கொடுத்து, அவர் கையிலும் ஒன்றைத் திணித்தாள் அம்மா.

அப்போதுதான் மணி அடித்தது. சைக்கிளில் ஒரு மலாய் போலீஸ்காரர். அவர் காலை ஊன்றக்கூட இல்லை, அப்பா விறைத்து நின்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். துவான், ஐயா, இது சோறு. துவான், என் பெண்சாதி. துவான், கொண்டை. தோட்டத்தின் பெயர், துரையின் பெயர், தன் வேலை எல்லாவற்றையும் தெரிந்த மலாயில் கொட்டினார். அம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்பாவை அன்று வெறுத்ததுபோல் பிறகு யாரையும் நான் வெறுத்ததில்லை.

போலீஸ்காரர் அம்மாவின் அவிழ்ந்த முடியைப் பார்த்தார். தம்பியின் வாயோரப் பருக்கையைப் பார்த்தார். "மக்கான்லா," சாப்பிடுங்க என்று சொல்லிவிட்டு மிதித்துப் போய்விட்டார்.

நாங்கள் சாப்பிடத் தொடங்கினோம். அப்பா மட்டும் கையில் உருண்டையோடு நின்றுகொண்டே இருந்தார்.

"நெசமாத்தான் சொன்னாரா? எழுதிக் கொடுக்கலையே?"

அம்மா எழுந்துபோய் அவர் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தாள்.

"நான் சொல்றேன். தின்னுங்க."

அப்பா தின்றார். இரண்டாவது வாயில் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார். அம்மா தன் உருண்டையில் பாதியைப் பிட்டு அவர் கையில் வைத்தாள்.