கிரியைக்காரி

செவ்வாய்க்கிழமை பிற்பகல் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வண்டிக்காரர்கள் ஸ்ட்ரெச்சரை மடித்துக்கொண்டு படியிறங்கிப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது, தம்பி பெட்டியும் கையுமாக நின்றான். பெட்டியை முந்தின நாளே கட்டி, அம்மாவின் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்தான். விரிப்பைச் சொருகக் குனிந்தபோதே அது அக்காவின் கண்ணில் பட்டிருந்தது.

"எங்கடா கிளம்பிட்ட?"

"ஊழியத்துக்கு அழைப்பு வந்திருக்குக்கா. பெரிய சபை. நாளைக்கு முதல் கூட்டம்."

"அம்மாவுக்கு ஒரு பக்கம் முழுக்க விழுந்துபோச்சு. ரெண்டு பேர் வேணும்னு டாக்டர் சொன்னது உன் காதுல விழலையா? ஒருத்தர் புரட்டிப் பிடிக்கணும், ஒருத்தர் துடைக்கணும்."

"நீ இருக்கியேக்கா. நான் ஜெபத்துல தாங்கறேன்."

"உன் ஜெபம் எந்தப் பக்கம் பிடிக்கும்? தலைமாட்டிலயா, கால்மாட்டிலயா?"

தம்பி சிரித்தான். பிரசங்க மேடைக்காகக் கண்ணாடி முன்னால் பழகி வைத்திருந்த சிரிப்பு. "நாம செய்யற எதுவும் நம்மளக் கரை சேர்க்காதுக்கா. விசுவாசம் ஒண்ணுதான் சேர்க்கும். என்னைக்குத்தான் இது உனக்குப் புரியப்போகுதோ."

குனிந்து அம்மாவின் நெற்றியில் முத்தமிட்டான். அம்மாவின் வாய், அசைகிற பாதி மட்டும், மெல்ல மேலேறியது. நோயில் விழுந்த பிறகு அம்மா சிரித்த முதல் சிரிப்பு அது. அப்போது அம்மாவுக்கடியில் கையை விட்டு நனைந்த துணியை உருவிக்கொண்டிருந்தவள் அக்கா.

அவளுக்கு வயது முப்பத்தொன்று. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பத்து வருஷமாக வேலை. வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளைக் கறை பார்த்துப் பிரிப்பதும், வெளுத்துக் காய்ந்து வந்தவற்றைச் சூடான உருளைகளுக்குள் விட்டு மறுபக்கம் மொடமொடவென்று வாங்கி மடிப்பதும் அவள் பொறுப்பு. எதிர்முனையைப் பிடித்து மடிக்க இன்னொருத்தி இருந்தாள். ஆள் வாசல்நிலை உயரம் என்பதால் எல்லோருக்கும் அவள் நெட்டை. இருவரும் விரிப்பின் நான்கு முனைகளையும் பிடித்து உதறி, ஒருவரையொருவர் நோக்கி நடந்து, முனையோடு முனை சேர்த்து, மறுபடி பின்வாங்குவார்கள். ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவை அப்படிச் சந்தித்துப் பிரிகிறவர்களுக்குள் மறைக்க என்ன இருக்கும்?

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் ஒன்று உண்டு. ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர். சுடுதண்ணீரில் போட்டால் ரத்தம் வெந்து நூலோடு நூலாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஆண்டவனே வந்து அலசினாலும் போகாது. பழைய ரத்தமென்றால் பச்சைத் தண்ணீரிலும் முழுசாகப் போகாது. தேய்க்கத் தேய்க்க வெளிறும், அவ்வளவுதான். இருந்த இடத்தில் ஒரு நிழல் நிற்கும்.

காலையில் அவள் வேலைக்குப் போகிற நேரத்தில் பக்கத்து வீட்டுத் தையல்காரி வந்து அம்மாவுக்குத் துணையாக உட்காருவாள். இரண்டு மணிக்கு வீடு திரும்பினால் மறுபடி விரிப்பு, மறுபடி சலவை. அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநர் இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, குற்றம் சொல்ல முடியாத ஒரு நாளில், வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டார்.

தம்பி மளமளவென்று மேலே போனான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வானொலியில் அவன் பிரசங்கம் வர ஆரம்பித்தது. மூன்றாவது வருஷம், சலவைக்கூடத்து ஜன்னலில் இருந்த ரேடியோவில் மேஸ்திரி எதையோ தேடித் திருக, தம்பியின் குரல் வந்து விழுந்தது.

"எனக்கு ஒரு அக்காள் இருக்கிறாள், பிரியமானவர்களே. நாள் முழுக்க விரிப்பு துவைக்கிறாள். விரிப்பு வெளுத்தால் ஆத்துமாவும் வெளுக்கும் என்று பாவம் நம்பிக்கொண்டிருக்கிறாள். மோட்ச வாசலில் போய் நின்று, 'ஆண்டவரே, எத்தனை விரிப்பு என்று எண்ணிப் பாரும்' என்பாள் போலிருக்கிறது. நான் அவளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறேன். கிரியைக்காரி!"

வானொலிக்குள் ஒரு மண்டபமே சிரித்தது.

உருளையிலிருந்து வந்த விரிப்பு வாங்க ஆளில்லாமல் தரையில் சரிந்தது. நெட்டை ஓடிவந்து தூக்கினாள். அவளுக்குச் சபைப் பழக்கம் கிடையாது.

"ஏண்டி, கிரியைன்னா சாவுச் சடங்குதானே? இறுதிக் கிரியைன்னு போடுவாங்களே. உன் தம்பி எதுக்கு உன்னை அதைச் சொல்லித் திட்டறான்?"

"சபையில அதுக்கு வேற அர்த்தம். நாம செய்யற நல்ல காரியத்துக்குக் கிரியைன்னு பேரு. அது வேணுமா, விசுவாசம் மட்டும் போதுமான்னு ஊர்ப்பட்ட சண்டை."

"நீ என்ன சொல்ற?"

"நான் மோட்சத்துக்காகவா துவைக்கிறேன்? நாறுதுன்னு துவைக்கிறேன்." விரிப்பின் முனையைப் பிடுங்குவதுபோல் வாங்கினாள். "ஆனா அவன் ஒரு தடவையாவது இதைத் துவைக்கணும். தன் கையால. அதைப் பார்க்காம நான் சாக மாட்டேன்."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பிரசங்கம் முடிந்த கையோடு அவனுக்கு ஒரு குறுஞ்செய்தி போகும். "இன்றைய கிரியை: இரண்டு தடவை விரிப்பு மாற்றம், முதுகுப் புண்ணுக்கு மருந்து." "இன்றைய கிரியை: அம்மா கஞ்சியை என் முகத்தில் துப்பினாள். முகம் கழுவினேன்." முதலில் அவனும் பத்தி பத்தியாகப் பதில் எழுதிப் பார்த்தான். பிறகு ஒரே வரியாகச் சுருக்கிக்கொண்டான்: "கிரியையை விடு, விசுவாசம் போதும், ஜெபிக்கிறேன்." ஒரு எழுத்துகூட மாறாமல் வாராவாரம் அதே வரி வந்தது. அவன் தன் செய்திகளைப் படிப்பதில்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்த பிறகும் அனுப்பினாள்.

அம்மா அவன் குரலை மட்டும் அடையாளம் கண்டுகொள்வாள். ரேடியோ பாட ஆரம்பித்ததும் அசைகிற கையால் கட்டில் சட்டத்தைத் தட்டி, "பிள்ளை, என் பிள்ளை" என்பாள். மகளைப் பார்த்துச் சொன்ன சொல் ஒன்றே ஒன்றுதான். "தண்ணி."

ஒன்பதாவது வருஷம், ஒரு திங்கட்கிழமை விடிகாலை அம்மாவின் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து நிற்காமல் போய், சூரியன் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்தது. அவள் அம்மாவைக் குளிப்பாட்டினாள், நல்ல உடை உடுத்தினாள். ரத்தம் பட்ட விரிப்பைச் சுருட்டினாள். வாழ்நாளில் கறையோடு ஒரு துணியை அவள் மடித்து வைத்தது அந்த ஒரு தடவைதான். பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

நெட்டை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். "தம்பிக்குச் சொல்லிட்டியா?"

அவள் போனை எடுத்தாள். 'அம்மாவின் அடக்கம்' என்று எழுதினாள். சபைக்காரர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு 'அடக்கம்' என்பதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். "அம்மாவின் இறுதிக் கிரியை வியாழன் காலை பத்து மணி. வந்துவிடு." அனுப்பினாள்.

நெட்டை தோளுக்கு மேலாகப் படித்தாள். "செத்துட்டாங்கன்னு பச்சையா எழுதேன்டி."

"இறுதிக் கிரியைன்னா சாவுச் சடங்குன்னு நீதானே சொன்ன? தமிழ் தெரிஞ்ச யாருக்கும் புரியும்."

"உன் தம்பிக்குப் புரியுமா?"

"அவனுக்குத்தான் கிரியைன்னா என்னன்னே தெரியாதே."

நெட்டை அவள் முகத்தைப் பார்த்தாள். "ஒரு போன் போட்டுடு. பாவம்."

"எழுதியாச்சு," என்றாள் அவள்.

சாயங்காலம் பதில் வந்தது. இந்தத் தடவை அந்த ஒற்றை வரி இல்லை. சந்தோஷத்தில் நீளமாகவே எழுதியிருந்தான். "நல்ல முடிவு அக்கா. இதோடு கிரியைகளுக்கு முற்றுப்புள்ளி வை. ஒன்பது வருஷமாக இதற்காகத்தான் ஜெபித்தேன். நான் வர வேண்டிய அவசியம் இல்லை. மனப்பூர்வமான வாழ்த்துக்கள்."

வியாழக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் தம்பியின் பிரசங்கத்தைக் கேட்கிறவர்கள்; அவனை நேரில் பார்க்கலாம் என்றும் வந்திருந்தார்கள். உள்ளூர்ப் போதகர் நேரம் பார்த்து, நேரம் பார்த்து, கடைசியில் கேட்டார்: "மகன் வரலையாம்மா?"

"செய்தி அனுப்பியிருக்கான் ஐயா. படிக்கட்டுமா?"

ஏதோ ஆறுதல் வார்த்தை என்று நினைத்து அவர் தலையசைத்தார். அவள் முதலில் தான் அனுப்பியதைப் படித்தாள். அடுத்து அவன் பதிலை, பிரசங்கம் வாசிக்கிற நிதானத்தில், ஒவ்வொரு சொல்லாக. 'மனப்பூர்வமான வாழ்த்துக்கள்' என்று முடித்தபோது முன்வரிசையில் ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். குழி வெட்டியவர்கள்கூட மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது.

வானொலி போகாத இடத்துக்கெல்லாம் அந்தப் பதில் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு ரேடியோவில் வேறு ஒருவர் பேசினார்.

தம்பி சனிக்கிழமையே வந்திருந்தான். கதவைத் தட்டவில்லை, திறக்கும்வரை வாசலில் நின்றான். கண் வீங்கியிருந்தது.

"உனக்கு நான் தப்பாப் புரிஞ்சுக்குவேன்னு தெரியும். தெரிஞ்சே எழுதின."

"நீ படிச்சிருந்தா புரிஞ்சிருக்கும்."

"என்னைக் கொன்னுட்டக்கா."

"இல்லையே. மூச்சு விட்டுக்கிட்டுத்தானே நிக்கற?" அவள் உள்ளே போய்ப் பையை எடுத்துவந்து அவன் காலடியில் வைத்தாள். "அம்மா கடைசியாப் படுத்திருந்த விரிப்பு. பின்னால குழாய் இருக்கு. உட்கார்ந்து துவை. ஒரே ஒரு தடவை. அப்புறம் பேசலாம்."

அவன் பையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "இதைத் துவைச்சா என்னை மன்னிச்சிடுவியா?"

"துவைச்சுப் பாரு."

"அம்மா என்கிட்ட எந்த வேலையும் கேக்கலையேக்கா. சும்மாவே மன்னிச்சாங்க." குரல் உடைந்தது. "உனக்கு எரியறது அதுதானே?"

அந்த ஒரு அடி மட்டும் சரியான இடத்தில் விழுந்தது. அம்மா சிரித்த பாதிச் சிரிப்பு, கட்டில் சட்டத்தில் தட்டிய கை, 'என் பிள்ளை'. ஒன்பது வருஷத்து விரிப்புகளை வானம்வரை அடுக்கினாலும் அது அவளுக்குக் கிடைத்திருக்காது. அவனுக்கோ பெட்டி தூக்கிய அன்றே கிடைத்தது.

"ஆமாண்டா," என்றாள். "எரியுது. அதனாலதான் துவைக்கச் சொல்றேன். அம்மா மன்னிச்சது அம்மா கணக்கு. நான் அம்மா இல்ல."

அவன் துவைக்கவில்லை. ஆனால் பையை எடுத்துக்கொண்டு போனான். அவன் தெருமுனை திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வழியில் எந்தக் குப்பைத்தொட்டியில் போடப்போகிறான் என்று பார்க்கத்தான். போடவில்லை.

அதற்கப்புறம் ஒரு சொல் இல்லை. எங்கோ ஒரு ஊரில், முதியோர் இல்லத்தில் இருக்கிறான் என்று சொன்னார்கள். பிரசங்கம் பண்ணவா, வேலைக்கா என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அவளுக்குத் தலை நரைத்தது. மேஸ்திரி ஓய்வு பெற, அந்த நாற்காலி அவளுக்கு வந்தது. அவள் அதில் உட்காரவில்லை. நெட்டைக்கு எதிர்முனை பிடிக்க வேறு யார் இருக்கிறார்கள்? கூடத்தில் எல்லோரும் அவளைக் கிரியைக்காரி என்றே கூப்பிட்டார்கள். இப்போது அது பட்டப்பெயராக இல்லை, பதவிப் பெயர் மாதிரி ஆகிவிட்டது. கோபம் மட்டும் அப்படியே இருந்தது. அவள் அதை நன்றாகப் பராமரித்தாள்.

ஏழு வருஷம் கழித்து, ஒரு காலை வேலை தொடங்குகிற சமயத்தில், தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தது.

"அக்கா, பழைய ரத்தக் கறைக்குச் சுடுதண்ணியா, பச்சைத் தண்ணியா?"

அவள் அதை இரண்டு முறை படித்தாள். 'பழைய' என்ற சொல்லை மட்டும் மூன்றாவது முறை. எந்த விரிப்பு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

'சுடுதண்ணி' என்று எழுதினாள். நன்றாக இருந்தது, பார்க்கவே. ஒரு தடவை அனுப்பிவிட்டால் போதும். அந்தக் கறை அவன் சாகிறவரைக்கும் வெந்து, நூலோடு நூலாக அவனோடு இருக்கும். விரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலேயே நின்றது. ஆனால் ரத்தத்தைச் சுடுதண்ணீரில் போடச் சொல்லி இருபத்தாறு வருஷத்தில் அவள் யாருக்கும் சொன்னதில்லை.

அழித்தாள்.

"பச்சைத் தண்ணி. உப்பு போட்டு ஊற வை. மெஷின்ல போடாதே. கையால தேய்."

முழுசாகப் போகாது என்பதை மட்டும் எழுதவில்லை.

"யாருடி?" என்றாள் நெட்டை, விரிப்பின் மறுமுனையை உதறிக்கொண்டே.

"துவைக்கத் தெரியாத ஒருத்தன்."

போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு உருளைக்கு முன்னால் போய் நின்றாள். தேநீர் இடைவேளைக்கு மணியடிக்கும்வரை லாக்கர் பக்கம் திரும்பவில்லை. மணியடித்ததும் நெட்டைக்கு முன்னாலேயே ஓடிப்போய்த் திறந்தாள். அவன் எழுதியிருந்தான்:

"ஒரு மணி நேரமாத் தேய்ச்சுக்கிட்டு இருக்கேன் அக்கா. இன்னும் போகலை."