ஒரு டக்குக்கு ஒரு பிஸ்கட்

கிளிக்கர் என்ற அந்தச் சாமானை வாங்கிய நாளிலிருந்தே நான் குழம்பித்தான் போயிருந்தேன். தீப்பெட்டியில் பாதி அளவுள்ள பிளாஸ்டிக் பெட்டி. அமுக்கினால் உள்ளே இருக்கும் தகடு ‘டக்’ என்று அடிக்கும். நாய் சரியானதைச் செய்கிற அந்த நொடியில் அமுக்க வேண்டும். உடனே தின்ன ஏதாவது தர வேண்டும். அவ்வளவுதான். செல்போன் வீடியோவில் ஒரு பெண் இதைச் சொல்லிவிட்டு இரண்டே நிமிடத்தில் ஒரு நாயை உட்கார வைத்து, படுக்க வைத்து, உருளவும் வைத்துவிட்டாள். எனக்கோ நாய் உட்கார்ந்து, எழுந்து, காதைச் சொறிந்து முடித்த பிறகுதான் விரல் அமுங்கும். விளைவு, காதைச் சொறிந்துவிட்டுப் பெருமையோடு என்னைப் பார்க்கும் ஒரு நாய் மயிலாப்பூரில் எங்கள் தெருவில் உருவானது.

நாய் என்னுடையது அல்ல. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் இஸ்திரி வண்டி நிற்கும். அதன் அடியில் படுத்துக்கிடக்கும் செவலைப் பெட்டை அது. அந்த வண்டிக்காரப் பெண் முன்பு கால்வாய் ஓரத்தில், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், குடியிருந்தவள். குடிசைகளை எடுத்தபோது ஊருக்கு வெளியே வீடு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்போது இரண்டு பஸ் மாறி வந்து எங்கள் துணிகளைத் தேய்க்கிறாள். நாய் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

ஒரு நாள் அது சாப்பாடு கொண்டுவந்த டெலிவரி ஆளின் பேண்ட்டைக் கவ்விக் கிழித்தது. பல் தோலில் படவில்லை. ஆனால் குடியிருப்போர் கூட்டத்தில் நாயைத் துரத்தியே தீர வேண்டும் என்று பலர் குதித்தார்கள். நான் கத்தினேன், அவர்களும் கத்தினார்கள். கடைசியில் செயலாளர் ஒரு வழி சொன்னார்: கருத்தடை செய்து, வெறிநாய் ஊசி போட்டு, காது நுனியில் அடையாள வெட்டோடு வந்தால் இங்கேயே இருக்கட்டும், மாதக் கடைசிக்குள் முடியவில்லை என்றால் நடப்பது வேறு. ஆனால் நாய் பிடிக்கிற வேன் ஏற்கெனவே இரண்டு முறை வலையோடு வந்து போயிருந்தது. இரண்டு முறையும் நாய் பறக்கும் ரயில் தூண்களுக்கு நடுவே புகுந்து ஓடிவிட்டது. வலையே வேண்டாம், அதுவாகவே கூண்டுக்குள் நடந்து போகும்படி பழக்குகிறேன் என்று வேன்காரர்களிடம் வீராப்பாகச் சொல்லி, ஒரு கூண்டையும் இரவல் வாங்கிவிட்டேன். கிளிக்கர் வந்த கதை இதுதான்.

கூண்டை இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் வைத்த அன்று இஸ்திரிக்காரப் பெண் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

“எங்களயும் இப்டித்தான் ஒரு நாளு லாரில ஏத்துனாங்கக்கா. சாம்பார் சாதம் பொட்டலம் குடுத்தாங்க. சூடாத்தான் இருந்துச்சு. நாய்ங்கள மட்டும் ஏத்தவுடல.”

நான் கிளிக்கரை அமுக்கிப் பார்த்தேன்.

“இன்னாக்கா இது, தவக்கள கத்துற மாறி கீது?” என்று சிரித்தாள்.

அவளுக்குக் கை ஒழியாது. ஒரு கையில் கரி போட்ட இஸ்திரிப் பெட்டி, மறு கையில் துணி. அதனால் அவள் வாயாலேயே செய்தாள். நாய் கூண்டுப் பக்கம் ஒரு அடி வைத்தால் “ஆங்!” என்பாள். குட்டையாக, ஒரே மாதிரி, துணியிலிருந்து கண்ணைக்கூட முழுசாக எடுக்காமல். பிறகு பெட்டியை வைத்துவிட்டுப் பன்னில் ஒரு துண்டைப் பிய்த்துப் போடுவாள். எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாய்க்கு இரண்டு அடையாள ஒலியா, குழம்பிவிடாதா என்று வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். இரண்டும் ஆகும், ஒலி எழுந்தால் தின்பண்டம் கண்டிப்பாக வர வேண்டும், தவறி அமுக்கினாலும் கொடுத்துவிட வேண்டும் என்று அதில் இருந்தது. குழம்பியது நான்தான். நாய் இரண்டையும் கேட்டு, இரண்டையும் தின்று, மூன்றாவது வாரத்தில் கூண்டின் கடைசிவரை போய் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. நான் சந்தோஷத்தில் தெருவிலேயே கை தட்டிவிட்டேன்.

வேன் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம், கருத்தடை செய்யப்போகும் கால்நடை மருத்துவர் போனில் பேசினார். நாளைக்கே அறுவை, மயக்க மருந்து கொடுக்க வேண்டும், காலையிலிருந்து வயிறு காலியாக இருக்க வேண்டும், ஒரு பிஸ்கட்கூடக் கூடாது. சரி சார் என்று போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது: நாளைக்கு அமுக்கினால் நாய்க்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. கீழே போய் இஸ்திரிக்காரப் பெண்ணிடம் சொன்னேன். அவள் “அப்டியா” என்றாள். அடுத்த துணியை எடுத்து விரித்தாள்.

காலையில் நாய் வழக்கம்போல வந்தது. வேன்காரர்கள் கூண்டுக் கதவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார்கள். முன்னங்கால் இரண்டையும் கூண்டுக்குள் வைத்துவிட்டு நாய் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு அவளைப் பார்த்தது. இது சரியா என்று கேட்கிற பார்வை, அதை நான்தான் அதற்குக் கற்றுக்கொடுத்திருந்தேன். அவள் ஒரு சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் கையில் கிளிக்கர் இருந்தது. அமுக்கினேன். அந்த ஒரு தடவைதான் என் விரல் துளியும் தாமதிக்கவில்லை. நாய் உள்ளே போய், திரும்பி உட்கார்ந்து, என் கையைப் பார்த்தது. கதவு விழுந்தது. வேன் தெரு முனை திரும்பும்வரை அது குரைக்கவே இல்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான்காம் நாள், சொன்னபடியே அதே இடத்தில் கொண்டுவந்து விட்டார்கள். இடது காது நுனி வெட்டியிருந்தது. செயலாளர் வந்து காதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். நாய் பிழைத்தது, இடமும் பிழைத்தது. நான் ஒரு பாக்கெட் பிஸ்கட்டை உடைத்து வைத்துக்கொண்டு ‘டக்’ என்று அமுக்கினேன்.

அதன் வாயில் எச்சில் ஊறி ஒழுகியது. கால்கள் பின்னால் போயின. இரண்டும் ஒரே நேரத்தில். எச்சில் ஒழுக ஒழுக அது பின்வாங்கிப் போய்த் தெருவோர மின்சாரப் பெட்டிக்குப் பின்னால் நின்றது. நான் பிஸ்கட்டை வீசினேன், எடுக்கவில்லை. சத்தம் எழுப்பாமல் வைத்துவிட்டு விலகினால் வந்து தின்றது. அமுக்கினால் ஓடிப்போனது. வாயால் “சரி” என்று சொல்லிப் பார்த்தேன். என் குரல் எனக்கே போலியாகக் கேட்டது. நல்லதுதானே செய்தேன்? செய்யாவிட்டால் அதை எங்கே கொண்டுபோய்த் தள்ளியிருப்பார்களோ. அப்படியென்றால் இந்தக் குற்ற உணர்வு எதற்கு? ஒரு பிஸ்கட்டுக்காக ஐம்பது வயதுக்காரி இப்படி அல்லாடுவாளா?

அந்த வாரம் முழுவதும் இதே கூத்து. ஒரு மத்தியானம் நான் அமுக்க, அது ஓட, வண்டியிலிருந்து “ஆங்!” என்று கேட்டது. மின்சாரப் பெட்டிக்குப் பின்னாலிருந்து நாய் வாலை ஆட்டிக்கொண்டு நேராக வந்து, அவள் காலடியில் உட்கார்ந்து, பன்னைக் கவ்வியது.

எனக்குச் சுருக்கென்றது. “உன்கிட்ட மட்டும் எப்படி வருது?” என்றேன். கேட்ட தொனி நன்றாக இல்லை என்று எனக்கே தெரிந்தது.

“அன்னிக்கு நா வாயே தொறக்கலியேக்கா, நீ கவனிக்கல?”

“கவனிக்கல.”

“துன்றதுக்கு ஒண்ணும் குடுக்க மாட்டோம்னு தெரிஞ்சிகினு நா எப்டி சொல்றது?”

அப்படியானால் தெரிந்தேதான் இருந்தாள். காலரைத் தேய்த்தபடி, அந்தப் பொய்யை என் விரலுக்கே விட்டுவிட்டாள். முதல் நாள் சாயங்காலமே என்னிடம் சொல்லியிருக்கலாம். கோபம் தலைக்கேறியது. கூண்டை இரவல் வாங்கியது நான்தானே, அவள் சொல்லியிருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன் என்றும் தோன்றியது. இரண்டில் எது நியாயம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

“அப்ப என்னை ஏம்மா அமுக்க விட்ட?” என்றேன்.

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். நாயின் வெட்டுப்பட்ட காதை இரண்டு விரலால் தடவிக்கொடுத்தாள்.

“யாராச்சும் அத ஏத்தித்தானக்கா வுடணும்? நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராச்சும் அது நம்புறதுக்கு மிச்சம் இருக்கணும்ல.”