எங்கள் வயர் ஓடிய கம்பங்கள்

நோட்டீஸ் வந்தபோது என் கணவர் காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். மொட்டை மாடியில் டிஷ்ஷைத் திருப்பப் போய் வழுக்கி விழுந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. நெய்வேலி நகரியத்தில் மூன்று பிளாக்குகளுக்கு நாங்கள் கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்தோம். அவர் சுரங்கத்தில் பல வருஷம் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். பர்மனென்ட் ஆகும் என்ற நம்பிக்கை போன பிறகுதான் இந்தத் தொழிலுக்கு வந்தார். எங்கள் வீடு நகரியத்துக்கு வெளியே இருந்தது. அங்கிருந்து கறுப்பு வயர் கம்பம் கம்பமாகத் தாவிக் குவார்ட்டர்ஸ்களுக்குள் போனது. அந்தக் கம்பங்களில் ஒன்றுகூட எங்களுடையதல்ல. யாரிடமும் கேட்டுக் கட்டியதும் இல்லை.

நகரிய நிர்வாகம் அனுப்பிய அந்த இரண்டு பக்கத்தை நான்தான் படித்துக் காட்டினேன். வயர் கட்டிய ஒவ்வொரு கம்பத்துக்கும் எழுத்து மூலமாக அனுமதி வாங்க வேண்டும். மின்கம்பிக்கும் கேபிளுக்கும் நடுவே போதிய இடைவெளி வேண்டும். சாலையைக் கடக்கிற இடத்தில் பஸ் உரசாத உயரம் வேண்டும். படம் மங்காமலிருக்க இடையிடையே வைக்கிற ஆம்ப்ளிபயர் பெட்டிக்குக் கம்பத்திலிருந்து கரண்ட் எடுக்கவே கூடாது. கம்ப எண்களோடு பட்டியல் ஏழு நாளில் வந்து சேராவிட்டால் வயரை அவர்களே அறுத்துவிடுவார்கள்.

"வயர இழுக்கும்போது நம்பரப் பாத்துக்கினா இழுத்தோம்?" என்றார் அவர்.

"நான் போயி எழுதிக்கினு வரேன்."

"நீயா? ஜனங்க பாக்குமே."

"வயர அறுத்துப்போட்டா மட்டும் பாக்காதா?"

நோட்டுப் புத்தகமும், கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் அவருடைய டெஸ்டரும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன். இத்தனை வருஷம் அந்தத் தெருக்களில் போயிருக்கிறேன், ஒரு நாளும் தலை நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போதுதான் பார்த்தேன். ஓரிடத்தில் வயர் கை எட்டும் உயரத்தில் தொங்கியது. இன்னோரிடத்தில் மின்கம்பியோடு ஒட்டிக்கொண்டே ஓடியது. ஒவ்வொன்றாக எழுதினேன். "எல்லாம் சரியா இருக்குன்னே எழுது, காலு சரியானதும் நான் பாத்துக்கிறேன்" என்று அவர் சொல்லியிருந்தார். அப்படி எழுதக் கை வரவில்லை. உள்ளபடி எழுதவும் பயமாக இருந்தது. எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் பக்கத்தில் இடம் விட்டேன்.

"பெட்டிக்கெல்லாம் கரண்டு எங்கேர்ந்துங்க எடுத்திருக்கீங்க?" என்று இரண்டாம் நாள் கேட்டேன்.

"கஸ்டமர் வூட்டுலேர்ந்துதான்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நான் மேலே கேட்கவில்லை.

நான்காம் நாள் காலை நல்ல மழை. மதியத்துக்கு மேல் மழை விட்ட பிறகு கடைசி பிளாக்குக்குப் போனேன். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பம், அதன் மேல் எங்கள் பெட்டி. எண்ணின் மீது சேறு தெறித்திருந்தது. துடைக்கக் கை வைத்தேன். முழங்கை வரை சுரீர் என்று ஏறியது. கையை உதறிக்கொண்டு பின்னால் போய் விழுந்தேன். செருப்பு ரப்பர் செருப்பு, அதனால்தான் பிழைத்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

எழுந்து டெஸ்டரைக் கம்பத்தில் வைத்து, உள்ளங்கையால் வெயிலை மறைத்துப் பார்த்தேன். டெஸ்டர் விளக்கு எரிந்தது.

மணி மூன்றே முக்கால். நான்கு மணிக்குப் பள்ளிக்கூட பஸ் அங்கேதான் வந்து நிற்கும். பிள்ளைகள் அந்தக் கம்பத்தைப் பிடித்துச் சுற்றி விளையாடியதை நானே பார்த்திருக்கிறேன். எதிர் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டி, கம்பத்தில் ஷாக் அடிக்கிறது, மின்பிரிவுக்குப் போன் பண்ணுங்கள் என்றேன். அந்த அம்மாள் உள்ளே ஓடினார். நான் திரும்பிப் போய்ச் சைக்கிளைக் கம்பத்துக்கு முன்னால் கொஞ்சம் தள்ளிக் குறுக்கே நிறுத்திவிட்டு நின்றேன். மாதாவைத் தவிர வேறு நினைப்பு வரவில்லை. பஸ் வந்தது. இறங்கிய பிள்ளைகளை, "இந்தப் பக்கம் வராதீங்க, கரண்டு, கரண்டு" என்று இரண்டு கைகளையும் விரித்து விரட்டினேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். சிரித்துக்கொண்டே விலகிப் போனார்கள்.

லைன்மேன் வந்து கரண்டை நிறுத்திவிட்டு ஏணி போட்டு ஏறினார். மேலே இருந்தபடியே, "பெட்டிக்கு மெயின் லைன்லேந்து கொக்கி போட்டிருக்காங்க. வயர் தோல் உரிஞ்சு கம்பத்துக் கிளாம்புல உக்காந்திருக்கு. யாரு லைன் இது?" என்றார்.

"எங்களுதுங்க."

அவர் இறங்கி வந்து என்னைப் பார்த்தார். என் கணவரோடு முன்பு கான்ட்ராக்டில் இருந்தவர் என்று அப்போதுதான் அடையாளம் தெரிந்தது.

"கொக்கியப் பிச்சுட்டேன். யார் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிடுங்க. நானும் எழுதல" என்றார் மெதுவாக.

அந்த வார்த்தையில் ஒரு நிமிஷம் ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் சைக்கிள் மிதிக்கும்போதே அடுத்த நினைப்பு வந்துவிட்டது. இந்த ஒன்றுதானா?

வீட்டுக்குப் போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கரண்டு குடுத்த வூட்டுக்காரரு மாத்தலாகிப் போயிட்டாரு. புதுசா வந்தவங்க ஒத்துக்கல. நாலு நாளைக்குன்னுதான் கொக்கி போட்டேன்" என்றார்.

"வேற எங்க போட்டிருக்கீங்க?"

அவர் என் கையை விட்டார்.

"நாளைக்கும் மழ பெய்யும். எங்கன்னு சொல்லுங்க."

"சொன்னா நீ எழுதிடுவ. அப்புறம் பர்மிஷன் எப்படிக் குடுப்பாங்க?"

"குடுக்காட்டி போவட்டும்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே இரண்டு இடங்களைச் சொன்னார். நோட்டில் விட்டிருந்த இடங்களையெல்லாம் அன்றைக்கே உள்ளபடி நிரப்பினேன்.

காலையில் நகரிய அலுவலகம் திறக்குமுன்பே போய் நின்றேன். பொறியாளர் தெற்கத்திக்காரர், நரைத்த மீசை. பட்டியலைக் கடைசிப் பக்கம் வரை படித்தார். படிக்கும்போதே போனை எடுத்து அந்த இரண்டு கம்பங்களுக்கும் ஆள் அனுப்பச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இதெல்லாம் நீங்களே எழுதினதா?"

"ஆமாங்க."

"எழுதினதால செஞ்சது இல்லேன்னு ஆயிராது."

"தெரியுங்க."

போலீசுக்கு எழுதுவாரோ, அடிபட்ட காலோடு என் கணவரைக் கூட்டிக்கொண்டு போவார்களோ என்று அந்த ஒரு மணி நேரம் பட்ட பாடு கொஞ்சமல்ல. பொறியாளர் போலீசுக்கு எழுதவில்லை. மூன்று பிளாக்கிலும் அன்று மாலைக்குள் எல்லாப் பெட்டிகளையும் கழற்ற வேண்டும், ஒவ்வொரு கம்பமும் சரியான பிறகு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். விதி மீறியதற்கு அபராதமும் போட்டார்.

இரண்டு மாதம் எங்கள் வயரில் படம் ஓடவில்லை. பாதி வாடிக்கையாளர்கள் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். தெருவில் பார்த்தால், "என்னங்க, நீங்களே உங்க தொழில மாட்டி வுட்டுட்டீங்களாமே" என்று கேட்டார்கள். என் கணவர் ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியதும் முதலில் அந்தக் கடைசி பிளாக்குக்குத்தான் போனார். நானும் கூடப் போனேன். கம்பத்தின் கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "வயர இன்னும் ஒசத்திக் கட்டணும்" என்றார்.

அனுமதி வந்தது. பத்து வருஷத்துக்கு மேல் அந்தத் தொழிலில் இருந்தோம். ஒன்று மட்டும் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்தக் கம்பத்தில் எத்தனை நாளாகக் கரண்ட் இறங்கிக்கொண்டிருந்தது? அவரிடம் கேட்டதில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.