புல்வெளிக்காக வாதாடிய கணேசலிங்கம்

பிறை நகரில் லாரிகளுக்குப் பின்னால் காரை நிறுத்தியிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. கணேசலிங்கத்தின் மனைவி புஷ்பா. “அண்ணே, இவரு காலையில போயிட்டாருண்ணே” என்றார். முன்னால் நின்ற லாரி நகர்ந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

வனத்துறையில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. ஆனால் அவருக்கு நான் செய்தது உங்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுத என்னால் முடியாது.

தீவுக்கு எதிரேயுள்ள பெருநிலத்தில், பழைய ரப்பர்த் தோட்டத்தை ஒட்டிய காட்டுக்குள் ஒரு புல்வெளி இருந்தது. கீஜாங் என்னும் குரைக்கும் மான்கள் அங்கே மேய வரும். அந்தக் காட்டின் ரேஞ்சர் அவர். அவருக்கு மேலதிகாரி நான். சும்மா கிடக்கும் இடம் என்று நினைத்து, அங்கே மரக்கன்று நடத் திட்டம் போட்டேன்.

“மானு மரத்தையா சார் மேயுது? புல்லு முளைக்க வெயிலு வேணும் லா. பக்கத்துலயே ஒளிஞ்சிக்கப் புதரு வேணும். ரெண்டும் அங்க இருக்கு. விட்டுருங்க” என்றார்.

நான் விடவில்லை. நடும் நாளில் அவர் ஆட்களை அனுப்பவில்லை. சொன்னதைக் கேட்பதில்லை என்று மேலிடத்துக்கு எழுதினேன். அவரைத் தீவிலிருந்த அலுவலகத்தின் கோப்பு அறைக்கு மாற்றினார்கள். ஆயர் ஈத்தாமில் இருந்த வீட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து கோப்புகளை அடுக்கினார். என்னைக் கண்டால் எழுந்து வணக்கம் சொல்வார். அந்த வணக்கத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

கன்றுகள் நன்றாக வளர்ந்தன. நிழலில் புல் பட்டுப்போனது. மான்கள் தோட்டத்துப் பக்கம் மேயப் போயின. அங்கே யாரோ வைத்த கண்ணியில் ஒரு சினைமான் மாட்டிச் செத்துக் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு நேரே கோப்பு அறைக்குப் போனேன்.

“தப்பு என்னோடதுதான், கணேசலிங்கம்.”

அவர் கையிலிருந்த கோப்பைக் கீழே வைத்தார். “மத்த கண்ணியெல்லாம் எடுத்தாச்சா சார்?” என்று மட்டும் கேட்டார்.

என் தவறை எழுதிக் கொடுத்து அவரை மறுபடி காட்டுக்கு வரவழைத்தேன். நட்ட மரங்களில் பெரும்பகுதியை வெட்டினோம். வனத்துறையே காட்டை அழிக்கிறது என்று பக்கத்துக் குடியிருப்பினர் சண்டைக்கு வந்தார்கள். அவர் ஒவ்வொருவரையும் உள்ளே கூட்டிப்போனார். “எல்லாத்தையும் வெட்டல அக்கா. மானு ஒதுங்க ஓரத்துல விட்டிருக்கோம், பாருங்க.”

புல் திரும்பி வந்தது. மான் வரவில்லை. இருவரும் ஓய்வு பெற்ற பிறகும் சேர்ந்து போய்ப் பார்த்தோம். ஏமாந்து திரும்பும் ஒவ்வொரு முறையும், “அதுக்கு நம்பிக்கை வர நாளாகும் சார்” என்பார். மானைத்தான் சொன்னார். நான்தான் வேறு விதமாகவும் கேட்டுக்கொண்டேன்.

கடைசியாகப் பார்த்தபோது, உடம்பு முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டே, “ஒருக்கா போலாமா சார்?” என்றார். உடம்பு தேறட்டும் என்றேன். என் காரில்தானே போயிருப்போம். கூட்டிப் போயிருக்கலாம்.

காரியம் முடிந்த மறுநாள் தனியாகப் போனேன். புல்வெளியின் ஓரத்தில் ஒரு பெண்மான் நின்று மேய்ந்துகொண்டிருந்தது. அதன் வயிற்றை ஒட்டி ஒரு குட்டி.

“வந்துருச்சு, கணேசலிங்கம்” என்று மெதுவாகச் சொல்லி இடப்பக்கம் திரும்பினேன். அவர் எப்போதும் நிற்கும் பக்கம் அது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தப் பழக்கம்தான். விட மனமில்லை.