எண்ணெய் விளம்பரத்தில் அக்காவின் முகம்

கலேவெலச் சந்தைக்குப் போய்வந்த பக்கத்து வீட்டு அக்கா, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே என் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, என் போட்டோவ எவனுக்குக் குடுத்தீங்க?"

அவர் கையில் ஒரு மூட்டுவலி எண்ணெயின் துண்டுப் பிரசுரம். அதில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். மேலே, 'பத்து வருட முழங்கால் வலி பத்தே நாளில் பறந்தது' என்று எழுதியிருந்தது. அக்காவுக்கு முழங்கால் வலியே கிடையாது.

நான் உக்குவளையில் கல்யாணங்களுக்குப் படம் பிடிப்பவன். வேலையில்லாத நாட்களில் எடுக்கும் படங்களை, யாரும் பணம் கட்டிப் பயன்படுத்தக்கூடிய இணையத்தளம் ஒன்றில் போட்டுவைப்பேன். அக்கா மிளகு காயவைத்த படமும் அதில் இருந்தது. அவரிடம் சம்மதக் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். ஆங்கிலப் படிவம். "சும்மா ஒரு ஃபோம்தான் அக்கா" என்றுதான் நீட்டினேன்.

ஆனாலும் பிரசுரத்தை அடித்த அச்சகக்காரன் படத்தைத் திருடியிருப்பான் என்றே நினைத்தேன். அதன் அடியில் அச்சகத்தின் மாத்தளை முகவரி இருந்தது. மறுநாள் காலையிலேயே போய்ச் சத்தம் போட்டேன்.

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். முறையாக வாங்கிய உரிமம். படத்துக்குக் கீழே என் பெயர்.

"விக்கிறதும் நீங்க, சண்டைக்கு வாறதும் நீங்களா? காசு ஏதும் புடுங்கத்தான் வந்திருக்கீங்க."

வெட்கத்தோடு திரும்பினேன். வீட்டில் என் கணக்கைத் திறந்து பார்த்தேன். படத்தை விற்கும் உரிமத்தில், செய்திக்கும் பாடத்துக்கும் மட்டும் என்று ஒரு வகை. விளம்பரத்துக்கும் ஆகலாம் என்று இன்னொரு வகை. அதிகம் விற்கும் என்று இரண்டாவதை நானே தெரிவு செய்திருந்தேன். விளம்பரத்தில் இப்படிப் பொய் சொல்லவும் தளம் விடுகிறதா என்று இப்போது சந்தேகம். அகராதியை வைத்துக்கொண்டு உரிமத்தை வரிவரியாகப் படித்தேன். நடுவில் ஓரிடத்தில், படத்தில் இருப்பவருக்கு நோய் இருப்பதாகக் காட்டக்கூடாது, காட்டினால் அவர் நோயாளி அல்ல, படத்துக்கு நின்றவர் மட்டுமே என்று குறிப்பிட வேண்டும் என்றிருந்தது.

அதை அச்சடித்துக்கொண்டு மறுபடி போனேன். முதலாளி என் தாளை நம்பவில்லை. தன் கணினியிலேயே தேடிப் படித்தார். பிறகு எண்ணெய்க்காரருக்குத் தொலைபேசியில் சிங்களத்தில் விளக்கினார். மிச்சப் பிரசுரங்களை நிறுத்தினார்கள். புதியதில் போத்தல் மட்டும்தான்.

படத்தைத் தளத்திலிருந்து நீக்கிவிட்டு அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"அப்ப இனி எங்கயும் வராதா?"

"முன்னமே வாங்கினவங்ககிட்ட இருக்கும் அக்கா. அத திருப்பி எடுக்க ஏலாது."

அவர் அந்தப் படிவத்தைக் கொண்டுவரச் சொன்னார். தமிழில் வாசித்துக் காட்டினேன். 'எந்த விளம்பரத்துக்கும் பயன்படுத்தலாம்' என்ற மூன்றாவது வரியிலேயே என்னை நிறுத்தினார்.

"இத அன்னைக்கே வாசிச்சிருந்தா நான் கையெழுத்து வச்சிருப்பேனா?"

இப்போதெல்லாம் என் தோளில் கமராவைக் கண்டாலே அக்கா உள்ளே போய்விடுகிறார்.